தடாகத்துக்குள் உட்கார்ந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வேலை அனுபவங்களைக் குரல் பதிவாக அனுப்பும்படி வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். முயன்று பார்த்தேன். என் இருமலும் பக்கத்து வீட்டுச் சேவலும்தான் பதிவாகியிருந்தன. ஆகவே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

பழைய கொங்கிறீட் நீச்சல் தடாகங்களைச் சுரண்டி, வெடிப்பு அடைத்து, பெயின்ட் அடித்ததில்தான் என் முழங்கால்கள் இரண்டும் போயின. அதற்காக எப்படிச் சுரண்டுவது, எத்தனை பூச்சு அடிப்பது என்று நான் ஆரம்பிக்கப்போவதில்லை. அதெல்லாம் பெயின்ட் வாளியிலேயே அச்சடித்திருக்கிறது. வேலை கொடுக்கிறவரின் நெற்றியில்தான் எதுவும் அச்சடித்திருக்காது. இந்தத் தொழிலில் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அதனால் வந்தது.

வேலை கொடுத்தவர் அவசரப்படுத்தினால் என்ன செய்வது என்று உங்களில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

பேராதனை தாண்டி கம்பளைக்குப் போகும் வீதியில், ஒரு மேட்டின் மேல், பழைய துரை பங்களா ஒன்று இருந்தது. ஒரு பெண்கள் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அதை வாங்கி விருந்தினர் விடுதியாக நடத்திவந்தார். எல்லோரும் அவரை மெடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பங்களாவுக்குப் பின்னால் துரைமார் காலத்து நீச்சல் தடாகம். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் ஆளை விழுங்கும் ஆழம். பல காலம் மூடிக் கிடந்ததால் தவளைகள் அதைத் தங்கள் பரம்பரைச் சொத்தாக நினைத்திருந்தன.

அதுவரை நான் மற்றவர்களுக்குக் கீழே வேலை செய்தவன். என் பொறுப்பில் எடுத்த முதல் தடாகம் அதுதான். அடித்த பெயின்ட் உரிந்தால் கண்டியில் எனக்கு இரண்டாவது தடாகம் கிடைக்காது. கண்டி சின்ன ஊர், தடாகம் வைத்திருப்பவர்கள் இன்னும் சின்னக் கூட்டம். எல்லோரும் ஒரே கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவர்கள்.

என் கூட்டாளி அக்குறணையில் பெயின்ட் கடை வைத்திருந்தார். என்னை விட மூத்தவர், நான் நானா என்று கூப்பிடுவேன். வேன் அவருடையது, பெயின்ட் அவருடையது, பேச்சும் அவருடையது. வேலை என்னுடையது. இந்தப் பங்கீட்டில் இருவருக்கும் மனக்குறை இருந்ததில்லை.

சுரண்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை உங்களுக்குத் தெரியும், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேலைக்கு வருகிற மழை. தடாகத்தின் மேல் தறப்பாள் கட்டி, கொங்கிறீட் உலரும்வரை காத்திருந்து, கடைசிப் பூச்சு அடித்து முடிக்கும்போது வியாழக்கிழமை. அந்தப் பெயின்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் தண்ணீரைத் தாங்க, அந்தக் குளிரில் ஒரு கிழமை, ஏழு நாளாவது வேண்டும். அதற்கு முன்னால் தண்ணீர் விட்டால் அடியில் கொப்பளம் கட்டும், பிறகு தோல் தோலாக உரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் மெடம் வந்து தடாகத்தை எட்டிப் பார்த்தார். நல்ல நீலம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ஞாயித்துக்கிழம காலையில தண்ணி விடுறோம். சாமி நேரம் குறிச்சுக் குடுத்திட்டாரு. தண்ணி லொறி பவுசருக்கும் சொல்லியாச்சு,” என்றார்.

நானா தொண்டையைச் செருமினார். “மெடம், இன்னும் ஒரு கிழம காயவிட்டா நல்லம்.”

“நானா, நீங்க கடைக்காரர். கடைக்காரர் ஒரு கிழம கேட்டா, அந்தக் கிழமைக்குள்ள இன்னும் என்னத்தயோ என் தலையில கட்டப் போறீங்கனு அர்த்தம். பெயின்ட் அடிச்சவர் சொல்லட்டும். அவர் சொன்னா நான் கேக்குறேன். என்ன தம்பி, ஞாயித்துக்கிழமைக்குச் சரிதானே?”

நான் கையிலிருந்த பிரஷைப் பார்த்தேன். அதுவும் எனக்கு உதவவில்லை. மெடம் அதிபர் பார்க்கிற பார்வையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார் போலிருந்தது.

“ஒண்ணும் சொல்லல. அப்ப சரி,” என்று அவர் போய்விட்டார்.

இதைக் கவனியுங்கள். அவர் என் சொல்லைக் கேட்கத் தயாராக இருந்தார். என்னிடம்தான் சொல் இல்லை. வேலை செய்கிறவன் பேசாமல் நின்றால் அது அடக்கம் என்று அவன் நினைத்துக்கொள்வான். வேலை கொடுத்தவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். ஒரு தடாகம் பாழாகப் போவதற்கு அது போதும்.

வேனில் ஏறியதும் நானா ஸ்டியரிங்கில் தட்டினார்.

“வாயத் தெறந்து ஒரு வார்த்த செல்லியிருக்கலாமே தம்பி.”

“வரல்ல நானா.”

“என்ன வரல்ல?”

“வார்த்த.”

 பிறகு அவர் முகத்தில் ஒரு களவுச் சிரிப்பு வந்தது. 

“மெடத்த அசைக்க ஏலா. அந்த நேரம் குறிச்ச மனிசன அசைச்சா?”

நேரம் பார்க்கிற சாமியார் கம்பளையில் இருந்தார். நானா வேனை நேராக அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“எறங்குங்க.”

“நீங்க வரல்லயா?”

“எங்களுக்கு நேரம், சாத்திரம் பாக்கிறது ஹராம் தம்பி. நான் வேனுக்குள்ள ஈக்கிறன். நீங்க பெய்த்துக் கதைங்க.”

யோசனை சொன்னவர் வேனுக்குள். பேச்சு வராதவன் சாமியார் வீட்டுப் பாயில். சாமியார் மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி. என்னை உட்காரவைத்து, “பிறந்த நாள் சொல்லுங்க,” என்றார். நான் பேசாமலிருந்தேன். “பொண்ணு விசயமா?” என்றார். அதற்கும் பேசாமலிருந்தேன். “அப்ப கையக் காட்டுங்க,” என்றார். காட்டினேன். நகமெல்லாம் நீலம்.

அவர் ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதைப் போட்டுக்கொண்டார். “ஓஹோ. நீங்கதானா அந்தத் தடாகத்துக்குப் பெயின்ட் அடிக்கிறது?”

என் வாழ்க்கையில் எனக்கு நேரடியாகப் பலித்த ஒரே சாத்திரம் அது.

நான் மெதுவாக விசயத்தைச் சொன்னேன். ஒரு கிழமை தள்ளி வேறொரு நேரம் குறித்தால் புண்ணியம் கிடைக்கும் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அந்த அம்மா ஏன் நேரம் பாக்க வந்தாங்கனு தெரியுமா?” என்றார்.

தெரியாது.

“போன தடவ பெயின்ட் அடிச்சப்ப நேரம் கீரம் எதுவும் பாக்கல. அவசரமா தண்ணி விட்டாங்க. கொஞ்ச நாள்ல உரிய ஆரம்பிச்சிருச்சு. தங்க வந்தவங்க பிள்ள ஒண்ணு முதுகெல்லாம் நீலத்தோல் ஒட்டி வெளியில வந்துச்சாம். அந்தப் பெத்தவங்க போட்ட சத்தத்துல அந்த அம்மா மூடின தடாகந்தான் அது. நேரம் சரியில்லாம எறங்கிட்டோம்னு அந்த அம்மாவுக்கு மனசுல விழுந்திருச்சு. இந்த முற நேரம் தவறவே கூடாதுனு வந்து நிக்கிறாங்க. நான் எப்படி மாத்துறது?”

எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பழைய பெயின்ட்டைச் சுரண்டியவன் நான். அதன் முதுகில் ஈரம் இருந்த தடம் அப்படியே இருந்தது. காயாமல் தண்ணீர் விட்டதால் உரிந்தது. மெடம் அந்தக் குற்றத்தை நேரத்தின் மேல் போட்டுவிட்டு, நல்ல நேரத்தில் அதே தவறைத் திரும்பச் செய்யப் போகிறார்.

அதற்குள் ஜன்னலில் நானாவின் தலை தெரிந்தது. “நான் உள்ள வரல்ல, வெளியிலதான் நிக்கிறன்,” என்று யாரிடமோ சாட்சி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, “சாமி, தள்ளிப் போடுங்களேன். நேரம்தானே, எல்லா நாளும் வருமே,” என்றார்.

சாமியார் அவர் பக்கம் திரும்பினார். “ஒங்க கடைக்கு ஒருத்தர் வந்து, காயாத பெயின்ட காஞ்சிருச்சுனு சொல்லுங்கனு கேட்டா சொல்லுவீங்களா?”

நானா நியாயமாக யோசித்தார். “ஆரு கேக்கிறாங்கங்கிறதப் பொறுத்து.”

“இவரு சொல்லுவாரா?” என்று சாமியார் என்னைக் காட்டினார்.

“இவரா? இவர் எதையுமே செல்ல மாட்டார் சாமி. அதுதானே எங்கட பிரச்சின.”

சாமியார் அசையவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மட்டும், “ஞாயித்துக்கிழம நானும் வருவேன். அழைப்பு இருக்கு,” என்றார். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் நன்றாகத்தான் இருந்தது. மெடத்தின் சொந்தக்காரர்கள், பக்கத்து பங்களாக்காரர்கள், பழைய மாணவிகள் என்று ஒரு கூட்டம் புல்தரையில் நின்றது. எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் பால்சோறு. மெடம் கையில் தொலைபேசி, அதில் நேரத்துக்கு மணி வைத்திருந்தார். மேட்டில் பவுசர் ஏறி நின்றது. சாரதி தடித்த குழாயைத் தடாகத்தின் விளிம்பில் போட்டுவிட்டு, வேறு வீட்டிலும் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் வெறுங்காலோடு உள்ளே இறங்கினேன். ஆழம் குறைந்த பக்கம் பரவாயில்லை. ஆழமான பக்கம் போய், வெயில் படாத மூலையில் பெருவிரல் நகத்தால் அழுத்தினேன். மெழுகில் விழுவதுபோலத் தடம் விழுந்தது.

ஏறிவந்து சொல்லவேண்டும். ஏணியைப் பார்த்தேன். ஏணிக்கு மேலே மெடம் நின்றார், அவருக்குப் பின்னால் அத்தனை பேர். என் கால் ஏணிக்குப் போகவில்லை. வேறு எதுவும் தோன்றாததால் அந்த மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே ஆள் இருக்கும்போது பவுசர் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான் என் கணக்கு.

மேலே சலசலப்பு. கொஞ்ச நேரத்தில் நானா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து என் பக்கத்தில் குந்தினார். நாங்கள் குசுகுசுவென்றுதான் பேசினோம்.

“எழும்புங்க தம்பி. சனமெல்லாம் பாக்குது.”

“நான் எழும்பினா தண்ணி வந்திரும் நானா. இன்னும் மெழுகு மாதிரி இருக்கு.”

“அப்ப மேல பெய்த்து அதச் செல்லுங்களே.”

“எப்பிடிச் சொல்றது? அந்த அம்மா பார்த்தாலே எனக்கு வாய்ப்பாடு மறந்து போகுது.”

“மெடம் உங்கள்ட்ட வாய்ப்பாடு கேக்கல்லயே.”

“போன தடவ உரிஞ்சது நேரத்தால இல்ல நானா. காய முன்ன தண்ணி விட்டதால. அத நான் சொன்னா, சாமிய பொய்க்காரனாக்குறேன்னு நெனைப்பாங்க. நேரம் தப்பிருமோனு பாவம் அவங்க பயந்து போய் இருக்காங்க. பயத்துல இருக்கிறவங்ககிட்ட போய் பெயின்ட் கதையா பேசுறது?”

“அந்த மனிசன்தான் நேரத்த மாத்தவும் ஏலாண்டு செல்லிட்டாரே. நாங்க கம்பளைக்குப் பெய்த்துக் கெஞ்சினது மெடத்துக்குத் தெரிஞ்சா...”

“மெதுவாப் பேசுங்க.”

“மெதுவாத்தானே பேசுறன்.”

மேலே யாரோ இருமினார்கள்.

நிமிர்ந்து பார்த்தோம். விளிம்பைச் சுற்றித் தலைகள்.  நடுவில் மெடம், அவர் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியோடு சாமியார்.

வெறும் கொங்கிறீட் தடாகம் ஒரு பெரிய ஒலிபெருக்கி என்பதை அத்தனை காலம் அதற்குள் வேலை செய்த நான் யோசித்ததில்லை. சுரண்டும் சத்தத்தில் யாருக்கு அது தெரியும்? புதுப் பெயின்ட் வேறு, சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பு. நாங்கள் காதோடு காதாகப் பேசியதெல்லாம் பால்சோற்றுத் தட்டுவரை போயிருக்கிறது.

“மிச்சத்தையும் சொல்லுங்க தம்பி,” என்றார் மெடம். “நல்லாக் கேக்குது.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சுவர் எனக்காக அதை மேலே கொண்டுபோனது. “இப்ப தண்ணி விட்டா உரியும் மெடம். ஒரு கிழம தாங்க. உரிஞ்சா நான் இந்தப் பக்கமே வர ஏலாது.”

மெடம் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அவர் குரல் அதிபர் குரலாக இல்லை. “நேரம் தவறினா திரும்பவும் அதே மாதிரி ஆயிருமோனு எனக்குப் பயமா இருக்கே,” என்றார்.

அதைத்தான் நான் வெள்ளிக்கிழமையே கேட்டிருக்க வேண்டும். தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவசரப்படுத்துகிறவரிடம் பெயின்ட்டைப் பற்றி வாதாடாதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். பயத்துக்கு ஒரு வழி செய்துகொடுத்தால் பெயின்ட்டுக்கு ஒரு கிழமை தானாகக் கிடைக்கும்.

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். “அம்மா, அந்த நேரத்துல தண்ணி வரணும்னு சொன்னேன். தடாகம் நெறையணும்னு சொல்லலையே.”

எனக்கு அப்போதுதான் தடாகத்துக்குள் இறங்கும் வழியிலிருந்த சின்னத் தொட்டி நினைவுக்கு வந்தது. இறங்குமுன் கால் கழுவுவதற்காகத் துரைமார் கட்டியது. அதற்கு நாங்கள் பெயின்ட் அடிக்கவில்லை, பழைய டைல்ஸ் நன்றாக இருந்ததால் கழுவி மட்டும் விட்டிருந்தோம்.

“அந்தத் தொட்டியும் தடாகத்தோட சேந்ததுதான் மெடம்,” என்றேன். “மொதத் தண்ணி அதுக்கு விடலாம்.”

மெடம் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மெடத்தின் தொலைபேசியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது மணி அடித்தது.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பொறுமையிழந்திருந்த பவுசர் சாரதி குழாயைத் தொட்டிக்கு இழுத்துப் போட்டு, தடாகத்துக்குத் திறப்பதுபோல முழுசாகத் திறந்துவிட்டார். தொட்டி ஒரு நொடியில் நிறைந்து, தடாகத்தின் உயர்ந்த விளிம்பைத் தாண்டாமல் புல்தரைப் பக்கம் வெள்ளம் பாய்ந்தது. வரிசையாக இருந்த செருப்புகளெல்லாம் எழும்பி, ஊர்வலம்போல மேட்டிலிருந்து மானாப் புல்லுக்குள் இறங்கின. சாமியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தன் செருப்பின் பின்னால் ஓட, “நல்ல நேரந்தான் சாமி,” என்று நானா தடாகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். மெடம் சிரித்த சிரிப்பில் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பிறகு அந்தத் தொட்டியில் இறங்கிக் கால் நனைத்தார். ஒவ்வொருவராக எல்லோரும் நனைத்தார்கள்.

தடாகத்துக்கு அந்தக் கிழமை முழுக்க நல்ல வெயில் கிடைத்தது. அடுத்து வந்த விடுமுறை நாளில் தண்ணீர் நிரப்பினோம். மெடம் என்னைக் கூப்பிட்டு, “மொதல்ல நீங்க எறங்குங்க,” என்றார்.

“எனக்கு நீந்தத் தெரியாது மெடம்.”

“அன்னைக்கு மட்டும் தெரிஞ்சா எறங்குனீங்க?”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்து எலும்பைத் தொட்டது. எத்தனையோ தடாகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியும் இருக்கிறேன். தண்ணீர் நிறைந்த தடாகத்துக்குள் இறங்கியது அன்றுதான். கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிடித்திருக்கிறதா என்று கால் நகத்தால் சுவரைக் கீறினேன். பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து கீறினேன். அதுவும் பிடித்திருந்தது. தரை சரியத் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு அப்பால்தான் வெயில் படாத அந்த மூலை. அங்கே தண்ணீர் கறுநீலமாக இருந்தது. என்னால் போக முடியாது. போகாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை மெடம் கவனித்திருக்க வேண்டும். உள்ளே போனார். திரும்பி வரும்போது உடம்பை மூடிய நீச்சல் உடுப்பும் தலையில் ரப்பர் தொப்பியும் போட்டிருந்தார். சேலையில் அல்லாமல் அவரை நாங்கள் கண்டதில்லை. நானா மரியாதையாகத் திரும்பி மலையைப் பார்த்தார்.

மெடம் ஆழமான பக்கத்து விளிம்பில் நின்று, சத்தமில்லாமல் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தேன். போனவர் வரவில்லை. நானாவும் மலையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்.

பிறகு அந்த மூலையில் தொப்பி மேலே வந்தது. முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, பெருவிரலை உயர்த்தி எனக்கு நேரே நீட்டினார்.

“நல்லா அழுத்திக் கீறிப் பாத்துட்டேன் தம்பி. நகத்துல ஒண்ணுமே வரல.”